2 பக்கக் கட்டுரை, 3 கோடி சிற்றினம்: மேற்கோள் எண்ணிக்கை எதைச் சொல்கிறது?

ஜனவரி 6, 2024, இரவு 9.40 (கேள்வி)

பூச்சியியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எங்கள் கைடு ஒரு கட்டுரையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். டெர்ரி எர்வின், 1982, தி கோலியாப்டரிஸ்ட்ஸ் புல்லட்டின் என்ற வண்டு ஆய்விதழ். மொத்தமே 2 பக்கம். ஆயிரத்துக்கு மேல் மேற்கோள், அதாவது அத்தனை பேர் தங்கள் கட்டுரையில் இதைச் சுட்டியிருக்கிறார்கள். ஆனால் வெப்பமண்டலத்தில் 3 கோடி கணுக்காலிச் சிற்றினம் (பூச்சி, சிலந்தி போன்றவை) இருக்கலாம் என்று அதில் சொல்லும் கணக்கு ரொம்ப அதிகம் என்று பின்னால் வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தப்பான கணக்குக்கு இத்தனை மேற்கோளா? அப்படியென்றால் மேற்கோள் எண்ணிக்கையே ஒரு ஏமாற்றுதானே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு 11.20 (பதில்)

தப்பு என்று காட்டுவதற்கும் மேற்கோள் போட்டுத்தானே ஆகவேண்டும்? ஒருவர் வரிக்கு வரி வெட்டிப் பேசினாலும் மேற்கோளை எண்ணும் கூகுள் ஸ்காலர் தளத்தில் அது ஒன்று கூடும். அது ஏமாற்று ஆகாது. அந்த எண்ணை மதிப்பெண் என்று படிப்பதில்தான் சிக்கல்.

கட்டுரை கையில் இருக்கிறதல்லவா? 3 கோடி எப்படி வந்தது என்று பென்சிலோடு உட்கார்ந்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். காலையில் நானும் எழுதுகிறேன்.

ஜனவரி 7, காலை 6.10

எர்வின் அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருந்தவர். தரைவண்டுக் குடும்பத்தில் கரை கண்டவர். ஒரு ஏக்கர் பனாமாக் காட்டில் எத்தனை வண்டுச் சிற்றினம் இருக்கும் என்று தாவரவியலாளர் பீட்டர் ரேவன் அவரிடம் கேட்டார். அதற்குச் சொன்ன பதில்தான் இந்த 2 பக்கம்.

பனாமாவில் லூஹியா சீமன்னியை என்ற ஒரே வகை மரத்தில் 19 மரங்களை எடுத்துக்கொண்டார். நம் மலையடிவாரத்துச் சடச்சி மரத்துக்குத் தூரத்துச் சொந்தம் அது. காற்று அசையாத விடியலில் பூச்சிக்கொல்லிப் புகையை உச்சிக்கு ஏற்றி விடுவது, கீழே விரித்து வைத்ததில் விழுகிற பூச்சிகளைச் சேகரிப்பது, இதுதான் முறை. அதுவரை பெரும்பாலும் விளக்குக்கு வந்ததையும் தரையில் ஓடியதையும் பிடித்துத்தான் பூச்சிகளை எண்ணினார்கள். மர உச்சி யாருக்கும் எட்டாத இடமாகவே கிடந்தது.

மூன்று பருவத்தில் அந்த 19 மரத்திலிருந்து விழுந்தவை 1,200 வண்டுச் சிற்றினம். இதில் அந்த மரத்தை மட்டுமே நம்பிப் பிழைப்பவை எத்தனை? தாவரம் தின்பவை 682, அதில் நூற்றுக்கு 20 என்று வைத்தார். பிற பூச்சியைப் பிடித்துத் தின்பவை 296, நூற்றுக்கு 5. பூஞ்சை தின்பவை 69, நூற்றுக்கு 10. மட்கியதைத் தின்பவை 96, நூற்றுக்கு 5. கூட்டினால் 162.9. அதாவது 163.

வெப்பமண்டலத்தில் சுமார் 50,000 மரச் சிற்றினங்கள். ஒவ்வொன்றுக்கும் 163 வண்டு என்றால் 81.5 லட்சம். கணுக்காலிகளில் வண்டுகள் நூற்றுக்கு 40 என்று கொண்டால் விதானத்தில், அதாவது மர உச்சிகளில் மட்டும் 2 கோடி. தரையில் அதில் பாதி. மொத்தம் 3 கோடி. அன்றைக்கு உலகத்தில் பெயர் வைக்கப்பட்டிருந்த உயிரினங்கள் எல்லாம் சேர்த்தே ஏறக்குறைய 15 லட்சம்தான்.

இப்போது அந்த 20ஐப் பாருங்கள். அது அளந்து வந்த எண் இல்லை, அவர் அனுபவத்தில் வைத்த ஊகம். அதை 10 ஆக்குங்கள். 163 என்பது 95க்கு இறங்கும், 3 கோடி 1 கோடியே 78 லட்சத்துக்குச் சரியும். ஒரே ஒரு எண்ணை மாற்றியதற்கு இவ்வளவு. முதன்முறை இதைப் போட்டுப் பார்த்தபோது நான் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. நூலகத்தில் ஜெராக்ஸ் தாளின் ஓரத்தில் போட்டுவிட்டு, கூட்டலில் எங்கோ பிசகிவிட்டேன் என்று நினைத்து மூன்று முறை அழித்தழித்துப் போட்டேன். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. அழித்த இடத்தில் ஓட்டை.

ஜனவரி 7, மாலை 5.30

காலையில் "விழுந்தவை 1,200" என்று எழுதினேன். அது சரியில்லை. கட்டுரையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கூன்வண்டுகள் (நீள மூக்கு வண்டுகள்) நீங்கலாக எண்ணியவை 955க்குச் சற்று மேல். கூன்வண்டுகளைப் பிரித்து முடிக்கவில்லை. இலைவண்டுகள் எத்தனையோ அத்தனை இவையும் இருக்கும் என்று 206ஐச் சேர்த்து, 1,200 என்று முழுதாக்கியிருக்கிறார்.

எண்ணாததை எண்ணவில்லை என்று எழுதிவிட்டார், அதில் எனக்கு மரியாதை. கூன்வண்டு பிரித்தவர்களுக்குத்தான் தெரியும். நுண்ணோக்கியில் மூக்கு நீளத்தையும் உணர்கொம்பின் கணுக்களையும் பார்த்துப் பார்த்து, சாயங்காலத்துக்குள் கண் மணல் போட்ட மாதிரி ஆகிவிடும்.

ஜனவரி 9, இரவு 10.05

மேற்கோள் போட்டவர்கள் யார் என்று பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை வரும்.

ஒரு கூட்டம் காடு காக்க வேண்டும் என்று எழுதியவர்கள். முன்னுரையில் "வெப்பமண்டலக் காட்டில் 3 கோடி சிற்றினம் இருக்கலாம்" என்று ஒரு வரி, அடைப்புக்குறிக்குள் எர்வின் 1982. அவர்களில் எத்தனை பேர் 163 எப்படி வந்தது என்று பார்த்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

இன்னொரு கூட்டம்தான் முக்கியம். 1988இல் ராபர்ட் மே, நைஜல் ஸ்டார்க் என்ற சூழலியலாளர்கள் இந்த அனுமானங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கேள்வி கேட்டார்கள். 2000இல் ஃப்ரோடே ஓடெகார்ட் 50 லட்சத்திலிருந்து 1 கோடி வரை என்றார். 2002இல் நேச்சர் இதழில் வொய்டெக் நோவோட்னி குழுவின் கட்டுரை. பாப்புவா நியூகினியில் 51 தாவரம், அவற்றைத் தின்னும் 900க்கு மேற்பட்ட பூச்சிச் சிற்றினம். எது எதைத் தின்கிறது என்று அளந்து பார்த்தால், பெரும்பாலானவை ஒரே மரத்தோடு நிற்பதில்லை, நெருங்கிய சொந்தமுள்ள பல செடிகளில் மேய்கின்றன. வெப்பமண்டலத்தில் ஒரே பேரினத்தில் பல மரங்கள் இருப்பதால், ஒரு மரத்தை மட்டும் நம்பிய பூச்சி அரிது. கணக்கு 40 முதல் 60 லட்சத்துக்கு இறங்கியது. இன்றைக்குப் பலரும் எடுத்துக்கொள்வது ஸ்டார்க் 2018இல் தொகுத்த எண்: பூச்சிகள் மட்டும் 55 லட்சம். அதில் பெயர் உள்ளவை சுமார் 10 லட்சம்.

இவர்கள் எல்லோரும் எர்வினை மேற்கோள் காட்டினார்கள். காட்டாமல் முடியாது. ஏனென்றால் அந்த 2 பக்கத்தில் ஒவ்வொரு எண்ணும் வெளியே தெரிகிறது. எது ஊகம், எது எண்ணியது, எதை எதால் பெருக்கினேன் என்று எல்லாம் மேசைமேல் கிடக்கிறது. ஒரு எண்ணை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் பார்க்க யாராலும் முடியும். போதாததற்கு, யாராவது கூடுதல் தரவோடு வந்து இந்த எண்களை எதிர்க்க வேண்டும் என்று அவரே கடைசியில் கேட்டுக்கொள்கிறார். கேட்டதை ஊர் செய்தது.

என் வாதம் இவ்வளவுதான். அவர் வைத்த 20 நிற்கவில்லை. "ஒரு மரத்துக்கு எத்தனை பூச்சி சொந்தம்?" என்று அவர் கேட்டது நின்றுவிட்டது. மேற்கோள் எண்ணிக்கை இதில் இரண்டாவதைக் காட்டுகிறது.

ஜனவரி 10, காலை 7.00

"அப்போ சரியான விடையைச் சொன்ன கட்டுரைக்கு அல்லவா அதிக மேற்கோள் வரணும்" என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். வர வேண்டும் என்று ஒரு சட்டமும் கிடையாது. எர்வின் பனாமாக் காட்டில் ஒரு ஹெக்டேருக்கு 41,389 கணுக்காலிச் சிற்றினம் என்று கணக்குப் போட்டார். பனாமாவின் சான் லொரென்ஸோ காட்டில் ஈவ் பாஸே தலைமையில் ஒரு பன்னாட்டுக் குழு மண்ணிலிருந்து உச்சிவரை சலித்து, முடிவை 2012இல் வெளியிட்டது. அரை ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவான மாதிரிப் பரப்பில் 6,144 சிற்றினம் கிடைத்தது. 6,000 ஹெக்டேர் காடு முழுதுக்கும் 25,000 என்று மதிப்பிட்டார்கள். ஒரு ஹெக்டேருக்கு 41,389 எங்கே, ஒரு காட்டுக்கே 25,000 எங்கே! ஆனாலும் முதலில் கேட்டவர் பெயர்தான் வாயில் வருகிறது.

ஜனவரி 12, இரவு 11.50

இன்று கல்லூரியில் ஒரு பேச்சு வந்தது. மனசு ஆறவில்லை, எழுதிவிடுகிறேன்.

சில வருடம் முன்பு ஒரு பதவி உயர்வு நேர்காணலுக்குப் போயிருந்தேன். எங்கே என்பது வேண்டாம். அம்பாசமுத்திரம் பக்கத்து வயல் வரப்புகளில் 11 வருடம் தரைவண்டு எண்ணியிருக்கிறேன். டீக்கடைப் பிளாஸ்டிக் கப்பை வரப்பில் மண் மட்டத்துக்குப் புதைத்து, அடியில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர், மேலே மழைக்கு ஒரு ஓட்டுச்சில்லு. விடியுமுன் போகாவிட்டால் மயில் வந்து கப்பைக் கொத்திக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கும். அத்தனையும் ஒரே கட்டுரை. குழுவில் ஒருவர் தாளைப் புரட்டாமலே கேட்டார்: "எச்-இண்டெக்ஸ் எவ்வளவு?" 5 என்றேன். "அடுத்தவரைக் கூப்பிடுங்க" என்றார். மூன்று நிமிடம் ஆகியிருக்காது.

எச்-இண்டெக்ஸ் என்பது 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. குறைந்தது 10 மேற்கோளாவது வாங்கிய கட்டுரை 10 இருந்தால் எச் 10. எர்வினுடைய அந்த 2 பக்கத்தை இந்தத் தராசில் வையுங்கள். ஆயிரம் மேற்கோள் வாங்கினாலும் எச்-இண்டெக்ஸில் அது கூட்டுவது 1. பத்தாயிரம் வாங்கினாலும் 1.

இம்பாக்ட் ஃபேக்டர் இன்னும் மோசம். ஒரு இதழ் முந்தைய 2 ஆண்டில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு வந்த மேற்கோளைத்தான் அது எண்ணும். எர்வினை எதிர்த்த பெரிய கட்டுரைகள் 1988, 2000, 2002. ஒன்றுகூட அந்த 2 ஆண்டுக்குள் வராது. அந்தச் சின்ன வண்டு இதழின் கணக்கில் இந்த வாதம் முழுதும் பூஜ்யம்.

பூச்சிச் சூழலியலில் ஒரு கேள்விக்கு விடை தேட 20 வருடம் ஆகிறது. தராசோ 2 வருடத்தில் மூடிவிடுகிறது.

ஜனவரி 13, மாலை 6.15

நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தேன். ஒரு பக்கத்தை விட்டுவிட்டேன்.

எண் இல்லாத காலத்தில் நம்மூரில் தேர்வு எப்படி நடந்தது? யாருக்கு யாரைத் தெரியும் என்பதில்தான். என்னோடு படித்த ஒரு தோழிக்குச் சொல்ல ஆளில்லை, ஊரில் பெயருள்ள குடும்பமும் இல்லை. அவளுக்கு வேலை கிடைத்தது மேற்கோள் எண்ணிக்கை இருந்ததால்தான். அவள் வேலை பார்ப்பது கொசுவில், அதில் மேற்கோள் சீக்கிரம் சேரும். எண்ணைத் தூக்கிக் குப்பையில் போடு என்று நான் சொன்னால் அவளுக்கு என்ன பதில் சொல்வேன்?

அதனால் திருத்திக்கொள்கிறேன். எண்ணைப் பார்க்கட்டும். ஆனால் கொசுக்காரரையும் வரப்பு வண்டுக்காரரையும் ஒரே வரிசையில் நிறுத்தக் கூடாது. இரண்டு கட்டுரையாவது திறந்து வாசித்த பிறகு எண்ணைக் கேட்கட்டும்.

ஜனவரி 18, இரவு 9.30

எண்ணிக்கையில் வராத உழைப்பு பற்றி ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். எல்லோருக்கும் பயன்படும், இங்கேயே எழுதுகிறேன்.

மிளகாய் இலைப்பேன் நம் எல்லோருக்கும் தெரியும். இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு படகு மாதிரி நின்றால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் என்று விவசாயிகளே சொல்வார்கள். இந்த இலைப்பேனின் பெயர் ஸ்கிர்ட்டோதிரிப்ஸ் டார்சாலிஸ் ஹூட், 1919. கோயம்புத்தூரிலிருந்து போன மாதிரிகளை வைத்து ஜே. டி. ஹூட் வைத்த பெயர். நூறு வருடம் கழித்து இது பல நாடுகளுக்குப் பரவிய பூச்சி. மருந்து, எதிர்ப்புத்திறன், இயற்கை எதிரி என்று கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் முதல் பத்தியில் "ஹூட்" என்ற சொல் இருக்கும். கடைசிப் பக்கத்து நூற்பட்டியலில் ஹூட் 1919 இருக்காது. பெயரோடு ஒட்டி வருவது மேற்கோளாக எண்ணப்படுவதில்லை.

அந்தப் பெயர் இல்லாவிட்டால் இவர்கள் எந்தப் பூச்சிக்கு மருந்தடிக்கிறார்கள் என்றே தெரியாது. 2021-22இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய்த் தோட்டங்களில் திரிப்ஸ் பார்விஸ்பைனஸ் என்ற வேறொரு இலைப்பேன் புகுந்து பூவைக் கருக்கியபோது முதல் கேள்வியே "இது பழைய இலைப்பேனா, புதுசா?" என்பதுதான். கண்ணாடித் தகட்டில் ஏற்றி, நுண்ணோக்கியில் முடிகளை எண்ணித்தான் சொல்ல முடியும். அந்த வித்தையை இந்தியாவில் வளர்த்தவர்களில் முன்னால் நிற்பவர் டி. என். அனந்தகிருஷ்ணன். சென்னை லயோலா கல்லூரி, அங்கே பூச்சியியல் ஆய்வு நிறுவனம், நடுவில் இந்திய விலங்கியல் மதிப்பாய்வகத்தின் இயக்குநர் பொறுப்பு. ஆனுவல் ரிவியூ ஆஃப் எண்டமாலஜியில் 1979இலும் 1993இலும் இலைப்பேன் பற்றி எழுதினார். மேற்கோளை அள்ளுவது பொதுவாக அப்படிப்பட்ட தொகுப்புக் கட்டுரைகள்தான். ஒவ்வொரு சிற்றினத்தையும் தனித்தனியாக விவரித்த பக்கங்கள் ஓசையில்லாமல் உழைத்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. 2020இல், இம்பாக்ட் ஃபேக்டரைக் கணக்கிட்டு வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம், ஜூடாக்சா என்ற விலங்கு வகைப்பாட்டியல் இதழை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தது. காரணம், தன் கட்டுரைகளையே அளவுக்கு மீறி மேற்கோள் காட்டுகிறதாம். விலங்குகளின் புதுச் சிற்றினங்களில் கணிசமான பங்கு அந்த ஒரே இதழில் வந்தால், அடுத்து எழுதுகிறவர் வேறு எதை மேற்கோள் காட்டுவார்? வகைப்பாட்டியல்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். சில வாரத்தில் திரும்பச் சேர்த்தார்கள்.

ஜனவரி 19, காலை 8.10

எர்வின் பெயர் வைத்தாரா என்று கேட்டவருக்கு: வைத்தாரா! அக்ரா என்ற தரைவண்டுப் பேரினத்தில் அவர் வைத்த பெயர்களில் இரண்டு அக்ரா வேஷன், அக்ரா கடாப்ரா. சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஒன்று எரிச்சல் என்ற ஆங்கிலச் சொல் மாதிரியும் இன்னொன்று அப்ரகடாப்ரா என்ற மந்திரச்சொல் மாதிரியும் ஒலிக்கும். அக்ரா கேட்வின்ஸ்லெட்டே என்றும் ஒன்று உண்டு, 2002இல் வைத்தது. டைட்டானிக் படத்தில் கேட் வின்ஸ்லெட் நடித்த பெண் மூழ்காமல் தப்பினாள், இந்த வண்டின் காடும் மூழ்கிவிடக் கூடாது என்று நினைத்து வைத்த பெயர். எத்தனை பேர் இதை மேற்கோள் காட்டினார்கள் என்று நான் பார்க்கவே போவதில்லை. எர்வின் 2020 மே மாதம் காலமானார்.

ஜனவரி 25, இரவு 10.40

என் 11 வருடக் கட்டுரைக்கு 9 மேற்கோள். இன்று உட்கார்ந்து ஒன்பதையும் இறக்கி வாசித்தேன். இத்தனை நாள் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நாலில் சும்மா பெயர்தான், "பலரும் ஆய்ந்துள்ளனர்" என்ற வரியில் ஆறு பேரோடு நானும். இரண்டு என் மாணவர்களுடையது. ஒன்று, வரப்பைச் சுத்தமாகச் செதுக்கினால் தரைவண்டு பெருகும் என்று நான் சொன்னதாக எழுதியிருக்கிறது. நான் எழுதியது நேர் எதிர். புல் இல்லாத வரப்பில் வண்டு குறைகிறது என்பதுதான் அந்தக் கட்டுரையின் உயிரே. சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஒன்று, நான் கப் வைத்த முறையை எடுத்துக்கொண்டு ஓட்டுச்சில்லுக்குப் பதில் தேங்காய்ச் சிரட்டையை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சிரட்டை நல்ல யோசனை. இனி நானும் அதுதான். கடைசி ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: ஒஃபியோனியா என்ற மெல்லிய கழுத்துத் தரைவண்டு, இலைச்சுருட்டுப் புழுவைத் தேடிச் சுருளுக்குள்ளேயே போகிறது என்று நான் கவனித்ததை, ஒருவர் வேறு வயலில் போய் இரவில் டார்ச் அடித்துப் பார்த்து, தன் வயலில் எத்தனை தடவை அப்படிப் போகிறது என்று எண்ணியிருக்கிறார். நான் எண்ணவில்லை, பார்த்ததாக மட்டும் எழுதியிருந்தேன். அவர் எண்ணிவிட்டார். ஒன்பதில் இந்த இரண்டு போதும் எனக்கு.

பிப்ரவரி 4, காலை 9.00

கேள்வி கேட்ட தம்பி, உங்கள் பதிலைப் பார்த்தேன். "அக்கா, புகை அடிக்க அனுமதியும் இல்லை, இயந்திரமும் இல்லை. ஒரு மரத்தில் எத்தனை வண்டு என்று எனக்கும் பார்க்கணும்" என்கிறீர்கள். இயந்திரம் வேண்டாம். ஒரு வெள்ளை வேட்டி போதும். நாங்கள் வேப்பமரத்தில் செய்திருக்கிறோம். பனி உலரும் முன், ஐந்தரைக்கெல்லாம் போய்விடுங்கள். வெயில் ஏறினால் விழுந்த வண்டு விழுந்த கையோடு பறந்துவிடும். வேட்டியை நாலு மூலையில் இரண்டு பேர் பிடிக்க, மூன்றாவது ஆள் கம்பால் கிளையை ஒரே அடி. தட்டித் தட்டி அடித்தால் முதல் அதிர்விலேயே பிடித்துக்கொள்ளும், விழாது. உச்சிக்கிளை கிடைக்காது, அதைக் கட்டுரையில் சொல்லிவிடுங்கள்.

பிப்ரவரி 11, இரவு 8.20

புங்கமரம், ஒரு காலை, 31 வண்டு, 14 வகை மாதிரித் தெரிகிறது என்று படம் போட்டிருக்கிறீர்கள். படத்தில் இரண்டாவது வரிசையில் மூன்றும் ஐந்தும் ஒன்றே, ஆணும் பெண்ணும். அப்படியானால் 13. கூன்வண்டுகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

அடுத்த வாரம் பக்கத்திலேயே இன்னொரு புங்கமரம், அப்புறம் ஒரு பூவரசு. இரண்டிலும் வருவது எது, ஒன்றில் மட்டும் வருவது எது என்று தனித்தனியாகக் குறியுங்கள். ஒரு மரத்தில் ஒரு காலை மட்டும் வந்ததை அந்த மரத்துக்குச் சொந்தம் என்று எழுதிவிடாதீர்கள், வழிப்போக்கனாக இருக்கும்.

சீசாவுக்குள் போடும் சீட்டைப் பேனாவால் எழுதியிருக்கிறீர்கள், படத்திலேயே மை கசிவது தெரிகிறது. ஸ்பிரிட்டில் நாலு நாளில் வெள்ளைத்தாள் ஆகிவிடும். இன்றிரவே எடுத்து, பென்சிலால் எழுதி மாற்றிவிடுங்கள்: ஊர், தேதி, மரத்தின் பெயர், உங்கள் பெயர்.